‘ஒண்ணுமில்ல’ என்று எழுந்து நின்ற வாலிபன்



டிசம்பர் பிறந்துவிட்டால் நமது மருத்துவமனையின் அவசரப் பிரிவில் இரவு வேலைக்கு ஒரு நர்ஸைக் கூடுதலாகப் போடுவது வழக்கம். பண்டிகை நேரத்தில் எல்லோரும் லீவு கேட்கும்போது ஏன் ஆளைக் கூட்டுகிறீர்கள் என்று, புதிதாக வந்த கணக்கர் ஒருவர் கேட்டார். கேரல் பவனி தொடங்கிவிட்டது என்று சொன்னோம். அவருக்குப் புரியவில்லை. ஒரு வாரத்தில் புரிந்துவிட்டது.

நம் சபைகளின் கேரல் பவனியை நீங்கள் அறிவீர்கள். வேனில் பெரியவர்களும் ஆர்மோனியமும் போகும். வாலிபர்கள் மோட்டார் சைக்கிளில், ஒன்றில் மூன்று பேராகப் பின்னால் வருவார்கள். வீடு வீடாகப் பாடி, முறுக்கும் கேக்கும் காப்பியும் வாங்கிச் சாப்பிட்டு, வீடு திரும்ப நள்ளிரவு தாண்டிவிடும். ஹெல்மெட் வீட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும். பக்கத்துத் தெருவுக்குப் போக ஹெல்மெட் எதற்கு? குல்லாய் போட்ட தலையில் அது ஏறவும் ஏறாது. பவனியைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. நானும் என் பள்ளி நாட்களில் தொண்டை கட்டும்வரை பாடியவள்தான்.

சில வருடங்களுக்கு முன் அப்படி ஒரு பவனியில் நடந்ததை அந்த வாலிபனும் அவன் வீட்டாரும் சம்மதித்ததால் இங்கே எழுதுகிறேன். பெயரும் ஊரும் வேண்டாம் என்றார்கள். அவனுக்கு அப்போது 22 வயது. ஐ.டி.ஐ. முடித்து வளைகுடா வேலைக்கு விசாவை எதிர்பார்த்துக்கொண்டிருந்தான். வண்டி அவனுடைய அத்தானுடையது. இரவு பதினொன்றரை மணிக்கு, வீடு கட்டுவதற்காகச் சாலையோரம் கொட்டியிருந்த மணலில் சக்கரம் வழுக்கியது. பின்னால் இருந்த இரண்டு பேரும் மணலிலேயே விழுந்தார்கள். இவன் தலை சிறு பாலத்தின் திண்டில் மோதியது. ஒரு நிமிஷம்கூட இராது, கண்ணை மூடிக் கிடந்தான். பிறகு எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு, “ஒண்ணுமில்லலே, வண்டியப் பாருங்க” என்றான். ரத்தம் இல்லை. காதுக்கு மேலே முடிக்குள் ஒரு சிறு வீக்கம், அவ்வளவுதான். “அப்பாட்ட யாரும் சொல்லிராதீங்க” என்று நண்பர்களிடம் வாக்கு வாங்கினான். அதற்குப் பிறகு இன்னும் இரண்டு வீடுகளில் நின்று பாடவும் செய்திருக்கிறான்.

வீட்டுக்கு வந்தவன் தலைவலி என்று ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தான். போன வீடுகளிலெல்லாம் தின்றிருப்பான் என்று நினைத்து அம்மா சாப்பாட்டுக்கு வற்புறுத்தவில்லை. இரண்டு மணிக்கு வாந்தி எடுத்தான். கேக் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். நாலரை மணிக்கு, பண்டிகைக்காகப் பிறந்த வீடு வந்திருந்த அவன் அக்காள், கைக்குழந்தைக்குப் பால் கொடுக்க எழுந்தாள். தம்பியின் குறட்டைச் சத்தம் அவளுக்கு வித்தியாசமாகப் பட்டது. “ஏல, திரும்பிப் படு” என்று உலுக்கினாள். அவன் எழுந்திருக்கவில்லை.

எங்களிடம் வந்தபோது மணி ஐந்தேகால். கிராமத்து ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் ஒரு வாலிபனைக் கொண்டுவந்தால் நாங்கள் முதலில் கேட்கும் கேள்விகள் சில உண்டு. பூச்சிமருந்து குடித்தானா? பாம்பு ஏதும் கடித்ததா? முன்பு வலிப்பு வந்ததுண்டா? சர்க்கரை வியாதி உண்டா? அம்மா ஒவ்வொன்றுக்கும் இல்லை, இல்லை என்று அழுதாள். அவளுக்குத் தெரிந்ததைத்தானே அவள் சொல்ல முடியும்? டார்ச் அடித்துப் பார்த்தபோது வலது கண்ணின் பாப்பா இடது கண்ணைவிடப் பெரிதாக விரிந்திருந்தது. தலையில் ஏதோ நடந்திருக்கிறது என்று எங்களுக்குத் தோன்றிய அதே நேரத்தில், வராந்தாவில் தூணுக்குப் பின்னால் நின்ற ஒரு பையன் மெதுவாக முன்னே வந்தான். “லேசா விழுந்தான் டாக்டரம்மா... தல அடிபட்டுச்சு. சொல்லக் கூடாதுன்னு சொன்னான்.”

அந்தப் பையனை நான் திட்டவில்லை. அவன் முகம் இன்னும் என் கண்முன் நிற்கிறது.

உள்ளே என்ன நடந்திருந்தது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல விரும்புகிறேன். விளங்கினால்தான் ‘ஒண்ணுமில்ல’ என்ற வார்த்தையை நாம் நம்பாமல் இருக்கக் கற்றுக்கொள்வோம்.

நம் கிராமங்களில் குழந்தையை அடிக்கிறவர்களைப் பார்த்து, “பொறியில அடிக்காத, பொறி கலங்கிரும்” என்பார்கள். கண்ணுக்கும் காதுக்கும் நடுவே இருக்கும் அந்த இடத்தில் மண்டை ஓடு மிகவும் மெல்லியது. அந்த எலும்பின் உட்புறத்தை ஒட்டி ஒரு ரத்தக்குழாய் ஓடுகிறது. மூளையைச் சுற்றியுள்ள கெட்டியான மேலுறைக்கு ரத்தம் கொண்டு போகும் தமனி அது. அடியில் எலும்பு விரிசல் விட்டால் அதன் ஓரம் அந்தத் தமனியைக் கிழித்துவிடும். வெளியே தோல் கிழியாமல் இருக்கலாம். ரத்தம் உள்ளேயே, எலும்புக்கும் மேலுறைக்கும் நடுவே தேங்குகிறது. தமனி ரத்தமாகையால் அழுத்தத்தோடு வருகிறது. மேலுறையை எலும்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்த்துக்கொண்டு கட்டி பெரிதாகிறது.

அப்படியானால் அவனால் எப்படி எழுந்து நடக்கவும் பாடவும் முடிந்தது? எல்லோரும் கேட்கும் கேள்வி இதுதான். முதலில் நினைவு தப்பியது மூளை குலுங்கியதால். அது சீக்கிரம் தெளிந்துவிட்டது. ரத்தம் சேரச் சேர, மண்டைக்குள் இருக்கும் நீரும் சிரை ரத்தமும் ஒதுங்கி அதற்கு இடம் கொடுக்கின்றன. நெரிசலான பஸ்ஸில் ஆட்கள் ஒடுங்கி நின்று இன்னும் நாலு பேரை ஏற்றிக்கொள்வது போல. அதுவரை ஆள் நன்றாகவே இருப்பான், பேசுவான், சிரிப்பான். ஆனால் மண்டை ஓடு விரியாது. ஒதுங்க இடம் தீர்ந்த பிறகு, இன்னும் ஒரு கரண்டி ரத்தம் சேர்ந்தாலும் உள்ளழுத்தம் சட்டென்று ஏறுகிறது. மூளையின் ஒரு பகுதி கீழ்நோக்கிப் பிதுங்கி, கண்ணின் பாப்பாவைச் சுருக்கும் நரம்பை நசுக்குகிறது. அந்தப் பக்கத்துப் பாப்பா விரிந்துவிடுகிறது. அதற்கும் கீழேதான் மூச்சை நடத்தும் இடம் இருக்கிறது.

இடையில் வரும் இந்தத் தெளிவான நேரம் சிலருக்கு அரை மணி, சிலருக்குப் பல மணி நேரம். எல்லோருக்கும் இது வருவதில்லை. சிலர் அடிபட்ட நேரத்திலிருந்தே தெளிவதில்லை. ஆனால் தெளிவு வந்தவர்களிடம்தான் நமக்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. அவர்கள் மூளை இன்னும் கெடவில்லை, நெருக்கப்படுகிறது, அவ்வளவே. அந்த நேரத்துக்குள் மண்டையைத் திறந்து ரத்தக்கட்டியை எடுத்துவிட்டால் பெரும்பாலோர் எழுந்து வீட்டுக்கு நடந்து போவார்கள். மூளை அறுவைச் சிகிச்சையில் இவ்வளவு நன்றாகப் பலன் தருகிறது வேறு அதிகம் இல்லை. அந்த மணி நேரங்களைத்தான் இந்தப் பையன் தலையணையில் கழித்தான்.

நமது மருத்துவமனையில் மூளை அறுவை மருத்துவர் இல்லை. இதை ஒளிக்க வேண்டியதில்லை. மூச்சுக்குழலில் குழாய் வைத்து, ஊசிமருந்தால் மூளையின் நீரை இறக்கி, கழுத்தை அசையாமல் கட்டி, நர்ஸ் ஒருவரையும் கூட அனுப்பினோம். முந்தைய மணி நேரங்கள் கைவிட்டுப் போயிருந்தாலும், மாவட்டத் தலைநகரின் பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்து ஒரு மணி நேரத்துக்குள் அறுவை நடந்தது. பையன் பிழைத்தான். அவனைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இங்கே மிஷன் மருத்துவமனைகளை ஆதரிக்கும் உங்களுக்கு ஒரு செய்தி. இந்தியாவின் முதல் மூளை நரம்பு அறுவைச் சிகிச்சைத் துறை தொடங்கியது நம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில்தான், 1949ஆம் வருடம். தொடங்கியவர் டாக்டர் ஜேக்கப் சாண்டி. கனடாவில் மாண்ட்ரியாலில் டாக்டர் வில்டர் பென்ஃபீல்டிடம் பயின்று வந்தவர். அடுத்த வருடம் சென்னையில் டாக்டர் பி. ராமமூர்த்தி தொடங்கினார். அந்த நாட்களில் சி.டி. ஸ்கேன் கிடையாது. 1971இல்தான் லண்டன் விம்பிள்டனில் முதல் நோயாளியின் தலை அந்த இயந்திரத்தில் படம் பிடிக்கப்பட்டது. அதற்கு முன் மருத்துவர்கள் எந்தக் கண் விரிந்திருக்கிறது, எந்தக் கை அசையவில்லை என்று பார்த்து, கணக்குப் போட்டு மண்டையில் துளையிட்டார்கள். இன்றும் நம் இரவு நர்ஸ் முதலில் எடுப்பது டார்ச் லைட்டைத்தான். கண் திறக்கிறானா, என்ன பேசுகிறான், சொன்னபடி கையை அசைக்கிறானா என்று மூன்றையும் எண்ணில் எழுதுவாள். 1974இல் கிளாஸ்கோ நகர மருத்துவர்கள் இருவர் வகுத்துக் கொடுத்த அளவை அது. நல்ல நினைவுக்கு 15, ஒன்றுமே இல்லாவிட்டாலும் 3. நம் பையனுக்கு அன்று காலை 6.

சரி, வாலிபர்கள் ஏன் இப்படி? ஓட்டுவது ஒன்று, ஒளிப்பது ஒன்று. இரண்டுக்கும் வேர் ஒன்றேதான் என்பது வார்டில் நான் பார்த்தது. பின்விளைவை எண்ணிப் பார்த்துக் கையைப் பிடித்து நிறுத்தும் வேலையை மூளையின் முன்பகுதி செய்கிறது. அது முழுதாக முதிர்வது இருபது வயதின் நடுப்பகுதியில். ஓட்டுநர் உரிமம் கிடைப்பதோ 18இல். இன்னொன்றும் உண்டு. 2005இல் அமெரிக்காவில் கார் ஓட்டும் கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்றை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். தனியாக விளையாடியபோது இருந்ததைவிட, நண்பர்கள் பக்கத்தில் இருந்தபோது இளவயதினர் அதிகமாகத் துணிந்தார்கள். வயதில் பெரியவர்களிடம் அந்த வித்தியாசம் மிகக் குறைவு. நம் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல சோதனை வேண்டியதில்லை. தனியாகப் போகும் பையன் ஒரு வேகம், பின்னால் இரண்டு பேர் ஏறிவிட்டால் வேறு வேகம்.

விழுந்த பிறகு அதே நண்பர்கள் முன்னால் அவன் அழக் கூடாது. வலிக்கிறது என்று சொல்லக் கூடாது. சின்ன வயதிலேயே “ஆம்பளப் பிள்ளை அழலாமா” என்று நாமே சொல்லிக் கொடுத்துவிட்டோம். அதற்கு மேல் ஒவ்வொருவனுக்கும் சொந்தக் காரணங்கள். இந்தப் பையனுக்கு வண்டி அத்தானுடையது, அதன் இன்ஷூரன்ஸ் முடிந்திருந்தது, போலீஸ் கேஸ் என்று வந்தால் விசாவுக்குத் தொந்தரவு வருமோ என்ற பயம். இன்னொருவனுக்கு லைசென்ஸ் இல்லை. வேறொருவன் குடித்திருந்தான்; அவன் அப்பா சபையில் மூப்பர்.

அந்த மூன்றாமவனைப் பற்றி எழுதத்தான் வேண்டும். வண்டியிலிருந்து விழுந்தவனை நண்பர்கள் தூக்கிக்கொண்டு போய் ஒரு பம்ப் செட் அறையில் படுக்க வைத்தார்கள். வாயில் சாராய வாடை. போதை தெளியட்டும், விடிந்ததும் வீட்டில் விடலாம் என்று நினைத்தார்கள். அவர்கள் கெட்ட பிள்ளைகள் அல்ல. ஒருவன் தன் சட்டையைக் கழற்றி அவனுக்குத் தலையணையாக வைத்திருந்தான். விடிந்தபோது அவன் உடம்பு குளிர்ந்திருந்தது. குடித்தவனின் உளறலும் தலையில் ரத்தம் சேர்கிறவனின் உளறலும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். பழகிய டாக்டரே ஏமாறக்கூடும். ஆகவே எங்கள் வார்டில் ஒரு விதி உண்டு: விழுந்து வந்தவன் குடித்திருக்கிறான் என்றால் அவனைக் குறைவாக அல்ல, கூடுதலாகக் கவனிக்க வேண்டும். மணிக்கு மணி எழுப்பிப் பார்க்க வேண்டும்.

தலையில் அடிபட்டவன் நன்றாகப் பேசினாலும் முதல் ஒரு நாள் அவனைத் தனியாக விடக் கூடாது. தலைவலி குறையாமல் கூடிக்கொண்டே போவது, திரும்பத் திரும்ப வாந்தி, கேட்டதையே கேட்பது, தூக்கத்திலிருந்து எழுப்பச் சிரமப்படுவது, ஒரு கை அல்லது கால் தளர்வது, வலிப்பு வருவது, காதிலிருந்தோ மூக்கிலிருந்தோ ரத்தமோ தெளிந்த நீரோ கசிவது, காதுக்குப் பின்னால் நீலம் பாய்வது, இவற்றில் ஒன்று தென்பட்டாலும் ஆஸ்பத்திரிதான். காலை வரை பொறுத்துப் பார்க்கலாம் என்பது கூடாது. அடிபட்டபோது ஒரு கணம் நினைவு தப்பியிருந்தாலே, வேறொன்றும் இல்லாவிட்டாலும், காட்டிவிட வேண்டும். வலிக்கு ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள், அது ரத்தம் உறைவதைத் தடுக்கும். கிடப்பவன் வாயில் சோடாவோ தண்ணீரோ ஊற்றுவது நம் ஊரில் அன்பின் அடையாளம். நினைவு மங்கியவனுக்கு அது நுரையீரலுக்குள் போய்விடும். இரண்டு பேர் நடுவே உட்கார வைத்து ஆட்டோவில் கொண்டுவருவதும் அப்படித்தான். கழுத்தெலும்பு முறிந்திருந்தால், சாலையில் கிடந்தபோது அசைந்த கை கால்கள் ஆஸ்பத்திரி வாசலில் அசையாமல் போகும். தலையும் கழுத்தும் உடம்பும் ஒரே கோட்டில் இருக்கும்படி பிடித்து, வாந்தி எடுத்தால் அப்படியே ஒருக்களித்துத் திருப்பி, 108க்குச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் 2008 முதல் அந்த வண்டி ஓடுகிறது.

வழியில் கிடப்பவனைத் தூக்கினால் நமக்கு வம்பு வரும் என்ற பயம் இன்னும் போகவில்லை. எரிகோ சாலையில் விலகிப் போன இருவருக்கும்கூட அப்படி ஏதோ ஒரு பயம் இருந்திருக்கலாம். இன்று அந்தப் பயத்துக்குக் காரணம் இல்லை. உதவி செய்கிறவரைக் காக்கும் விதிமுறைகளை உச்ச நீதிமன்றம் 2016இல் உறுதிப்படுத்தியது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே அது சேர்ந்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால், நல்ல சமாரியன் என்ற பெயரிலேயே அது வழங்குகிறது. கொண்டுவந்து சேர்த்தவர் தம் பெயரைச் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பணத்துக்குப் பயந்து ஒளிக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், சாலை விபத்தில் காயப்பட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கிறது. தொடக்கத்தில் 1 லட்சம் ரூபாய் வரை என்று வைத்தார்கள். எந்த மாநிலத்தவர் என்று பார்ப்பதில்லை.

ஹெல்மெட்டைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பெற்றோருக்குத் தெரிந்ததை மறுபடி சொல்வதைவிட, அது எப்படி வந்தது என்று சொல்கிறேன். அரேபியாவின் லாரன்ஸ் என்று பெயர்பெற்ற ஆங்கிலேயர் 1935 மே மாதம் மோட்டார் சைக்கிளில் போகும்போது, சைக்கிளில் போன இரண்டு சிறுவர்கள்மேல் மோதாமலிருக்கத் திருப்பி விழுந்தார். முதல் உலகப் போரைக் கடந்து பிழைத்த மனிதர் ஆறு நாள் நினைவில்லாமல் கிடந்து இறந்தார். அவரைப் பார்க்க வந்த மருத்துவர்களில் ஹியூ கெய்ர்ன்ஸ் என்ற ஆஸ்திரேலியர் ஒருவர், மூளை அறுவை நிபுணர். அந்தச் சாவு அவரை விடவில்லை. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவத்தில் செய்தி கொண்டுபோகும் மோட்டார் சைக்கிள் வீரர்கள், எதிரியின் குண்டு இல்லாமலே சாலையில் தலையடிபட்டுச் செத்துக்கொண்டிருந்தார்கள். கெய்ர்ன்ஸ் அவர்கள் கணக்கை எடுத்து 1941இல் ஒரு மருத்துவப் பத்திரிகையில் வெளியிட்டார். தலைக்கவசம் போட்டு விழுந்தவர்கள் அவருக்கு வெகு சிலரே கிடைத்தார்கள். அவர்களின் காயங்கள் லேசாக இருந்தன. அந்த வருடம் நவம்பரில் ராணுவம் கவசத்தைக் கட்டாயமாக்கிவிட்டது. பிரிட்டனில் பொதுமக்களுக்கும் கட்டாயமாக இன்னும் 32 வருடம் ஆயிற்று.

நம் நாட்டில் 1988ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டம் ஹெல்மெட்டைக் கேட்கிறது. 2015 ஜூலை முதல் கட்டாயம் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது கடைகளில் வரிசை நின்றது உங்களுக்கு நினைவிருக்கும். பின்பு என்ன ஆயிற்று என்பதும் தெரியும். மத்திய அரசின் கணக்குப்படி 2022ஆம் வருடம் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் இரு சக்கர வண்டியில் போனவர்கள் ஏறக்குறைய 75 ஆயிரம். ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் மட்டும் 50,029. இவர்களில் 14 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் பின்னால் உட்கார்ந்து போனவர்கள். இறந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு 18க்கும் 45க்கும் இடைப்பட்ட வயதினர். ஹெல்மெட் போட்டால் சாவின் வாய்ப்பு ஏறக்குறைய 42 சதவீதமும் தலைக்காயத்தின் வாய்ப்பு 69 சதவீதமும் குறைகிறது என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். உள்ளே இருக்கும் தெர்மோகோல் போன்ற அடுக்கு தான் நசுங்கி அடியை வாங்கிக்கொள்கிறது. ஆகவே ஒருமுறை பலமாக அடி வாங்கிய ஹெல்மெட்டை, வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும், தூக்கிப் போட வேண்டும். பட்டையை மாட்டாமல் போடுவது வெயிலுக்குத் தொப்பி போடுவதற்குச் சமம். விழும்போது அது முதலில் கழன்று ஓடும்.

இப்போது நம் பையனிடம் வருகிறேன். மூன்று வாரத்தில் வீடு திரும்பினான். ஊரில் சாட்சிக் கூட்டம் வைத்தார்கள், நானும் போயிருந்தேன். நடந்தான், பேசினான், கைகொடுத்தான். எல்லோரும் கண்ணீரோடு நன்றி சொன்னோம். சொல்ல வேண்டியதுதான். ஆனால் அந்தக் கூட்டத்தோடு கதை முடிந்துவிட்டதென்று நானும் நினைத்துவிட்டேன். அது என் தவறு. மறுபடி வரும் தேதியை எழுதிக் கொடுத்தோமே தவிர, வராதபோது ஏன் வரவில்லை என்று நாங்கள் கேட்கவில்லை.

எட்டு மாதம் கழித்து அவன் அம்மா தனியாக வந்தாள். “டாக்டரம்மா, எம் பிள்ளைய நீங்க திருப்பிக் குடுத்திட்டீங்க. ஆனா இவன் அவன் இல்ல” என்றாள். எதற்கெடுத்தாலும் கோபம். பிறகு காலைப் பிடித்து அழுகிறான். ஒரு வேலையைத் தொடங்கினால் முடிப்பதில்லை. காலையில் சொன்னது மாலையில் நினைவில்லை. மெக்கானிக் கடையில் பத்து நாள்கூட நிற்கவில்லை. சோறு அடிபிடித்துப் புகைந்துகொண்டிருக்க, அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறான். ஊரில் மூன்று மருந்து சொன்னார்களாம். ஒருவர் பிசாசு என்றார், ஒருவர் திமிர் என்றார், மூன்றாமவர் கலியாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடும் என்றார். மூன்றாவதற்குப் பெண்ணும் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள்.

கட்டியை எடுத்துவிட்டாலும், அன்று மோதியதில் மூளையின் முன்பகுதியும் நசுங்கியிருந்தது. பின்விளைவை எண்ணிப் பார்க்கும் பகுதி என்று மேலே சொன்னேனே, அதே பகுதி. அதன் அடியில் மூக்கிலிருந்து வரும் வாசனை நரம்புகள் நூல்போல ஏறி வருகின்றன. தலை மோதி மூளை குலுங்கும்போது அவை அறுந்துபோவது உண்டு. சோறு கருகியது அவனுக்குத் தெரியாதது அதனால்தான். அவன் அதையும் யாரிடமும் சொல்லவில்லை. அம்மா வைத்த மீன் குழம்பு எட்டு மாதமாக அவனுக்கு வெறும் உறைப்பும் புளிப்பும்தான். கேட்டபோது, தலையைக் குனிந்துகொண்டு அதே வார்த்தையைத்தான் சொன்னான்: “ஒண்ணுமில்ல.”

அக்காள்தான் விடவில்லை. தனியாகக் கூப்பிட்டுப் பேசியதில் இன்னொன்றும் வந்தது. இரண்டு தரம் வலிப்பு வந்திருக்கிறது. ஒரு தரம் குளத்தங்கரையில். பெண் வீட்டாருக்குத் தெரியக் கூடாதென்று மறைத்திருக்கிறான். வண்டி ஓட்டுவதையும் விடவில்லை. தலைக்காயத்துக்குப் பிறகு மாதங்கள், ஏன் வருடங்கள் கழித்துக்கூட வலிப்பு வரலாம். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டால் பெரும்பாலோருக்கு அடங்கும். அடங்காதவரை வண்டி, கிணறு, உயரம், நெருப்பு எல்லாம் ஆபத்து. பெண் வீட்டாரிடம் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று அவன் அப்பாவிடம் நான் சொன்னபோது அவர் எழுந்து போய்விட்டார். ஒரு மாதம் கழித்துத் தானே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அந்தச் சம்பந்தம் நின்றுபோயிற்று.

நசுங்கிய மூளை பழையபடி ஆவதில்லை. ஆனால் பழக்கத்தால் வழி கண்டுகொள்ளும். நமது தொழில்வழிச் சிகிச்சைப் பிரிவில் அவனுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்தார்கள். அன்றைய வேலைகளை அக்காள் எழுதுவாள். முடித்ததை அவன் அடிப்பான். கோபம் வரும்போது எழுந்து வெளியே போய்விட வேண்டும் என்று வீட்டில் எல்லோரும் சேர்ந்து பேசி வைத்தார்கள். பேச்சை அவனோடு மட்டும் வைத்திருந்தால் பலித்திராது, முழுக் குடும்பமும் வர வேண்டியிருந்தது. அத்தான் வண்டியை விற்றுவிட்டார். இப்போது அவன் ஒரு நாற்றங்கால் பண்ணையில் செடிப் பைகளுக்கு மண் நிரப்பும் வேலை செய்கிறான். வேலை அளவானது, திரும்பத் திரும்ப வருவது, முதலாளி பொறுமையானவர். வலிப்பு வந்து மூன்று வருடத்துக்கு மேலாகிறது. வளைகுடா போகவில்லை. மல்லிகைப் பதியன்களை அவன் கையால் கட்டிக் கொடுத்தான், எனக்கு. “மணம் எப்படி இருக்குன்னு நீங்கதான் சொல்லணும்” என்றான்.

உங்கள் காணிக்கையால் தொழில்வழிச் சிகிச்சையாளர் ஒருவரின் சம்பளம் வருகிறது என்பதைக் கணக்கறிக்கையில் பார்த்திருப்பீர்கள். அவர் வேலை இதுதான். தையல் பிரித்த பிறகு தொடங்குகிற வேலை.

தலையில் அடிபட்டவரை வீட்டில் எப்படிக் கவனிப்பது என்று ஒரு பக்கத்தில் அச்சிட்ட அட்டை நம்மிடம் இருக்கிறது. முன்பக்கம் அபாய அறிகுறிகள், பின்பக்கம் மணிக்கு மணி எழுப்பிப் பார்த்துக் குறித்துக்கொள்ளக் கட்டங்கள். விழுந்ததை வீட்டில் சொல்ல முடியாத பிள்ளைகள், பெயர் சொல்லாமலே எங்கள் அவசரப் பிரிவுக்கு வந்து தலையைக் காட்டிவிட்டுப் போகலாம் என்றும் அதில் எழுதியிருக்கிறோம். போன டிசம்பரில் அப்படி நாலு பேர் வந்தார்கள். மூன்று பேருக்கு உண்மையாகவே ஒன்றுமில்லை. நாலாமவனை ஸ்கேனுக்கு அனுப்பினோம். அட்டை வேண்டிய சபைகளும் வாலிபர் சங்கங்களும் எத்தனை வேண்டும் என்று அலுவலகத்துக்கு ஒரு வரி எழுதினால் போதும். பவனி தொடங்குமுன் வந்து சேர வேண்டுமானால் நவம்பர் நடுவிலேயே எழுதுங்கள். டிசம்பரில் தபால் தாமதமாகிறது.